பாப்பாத்தியம்மாளின் இடப்பக்கம்

பக்கவாதம் வந்தவர்களைப் பராமரிக்கும் இல்லம் அது. தலைமை நர்ஸ் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்க வந்த மரகதத்துக்கு நாற்பத்தெட்டு. பஞ்சாலையை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவள்.

ஒரு நாள் காலை மரகதம் கலங்கிப்போய் வந்தாள்.

"சிஸ்டர், பாப்பாத்தியம்மா மகன் நாலு நாளா வர்றாருங்க. பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்காரு. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. அவர் பேசுனா சுவத்தைப் பார்த்து, 'போன்ல பேசுனாப் போதுமா, நேர்ல வரமாட்டியா'ன்னு கேக்கறாங்க. மனசு விட்டுப்போச்சு அவருக்கு. இனி வரலைங்கறாரு."

"நீங்க என்ன செஞ்சீங்கக்கா?"

"தலையைப் பிடிச்சு அவர் பக்கம் திருப்பினேன். என்னைத் திட்டிட்டாங்க. கண்ணு நல்லாத்தானே இருக்குது?"

"கண்ணு நல்லா இருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதைத்தான் அவங்க மூளை மறந்துபோச்சு."

இருவரும் அறைக்குப் போனார்கள். மகன் நாச்சிமுத்து பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் இடப்பக்கம் எழுந்து நின்றிருந்தார். கட்டிலின் வலப்பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது.

ஜெசிந்தா கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்தாள். கட்டிலை இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

பாப்பாத்தியம்மாள் மகனைப் பார்த்தாள்.

"எப்ப சாமி வந்தே?"

"இப்பத்தாம்மா."

"மொகம் வாடிக் கெடக்குது. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"பொய் சொல்றான் பாருங்க," என்றாள் மரகதத்திடம். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஜெசிந்தா நாற்காலியைக் கால்மாட்டுப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள். அடுத்த நாள் இன்னும் ஒரு சாண். பாப்பாத்தியம்மாளின் பார்வையும் மகனோடு கூடவே போயிற்று. கால்மாட்டைச் சுற்றி நாற்காலி இடப்பக்கம் வந்து சேர மூன்று வாரம் ஆனது.

அன்று அவள் தலையை மெல்லத் திருப்பித் தேடினாள். ஒருமுறை தவறியது. மறுபடி திருப்பினாள். மகன் அகப்பட்டுவிட்டான்.

"ஒரு எடத்துல உட்கார மாட்டியா நீ? தெனம் உன்னைத் தேடறதே எனக்கு வேலையாப் போச்சு."

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளியே வந்ததும் மரகதம் கேட்டாள். "நான் பிடிச்சுத் திருப்பினப்போ வராத தலை, இப்ப மட்டும் எப்படிங்க தானா திரும்புது?"

"அன்னிக்கு அந்தப் பக்கம் அவங்களுக்கு யாருமே இல்லையேக்கா," என்றாள் ஜெசிந்தா.