கையில் வைக்காத சுரப்பி

குரு சீடரைவிட வயதில் இளையவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்றார். சீடர் குருவை ‘மேடம்’ என்றார்.

சீடர் அம்பலவாணன் தாலுகா ஆஸ்பத்திரிகளில் குடலிறக்கமும் குடல்வாலும் அறுத்தே தலை நரைத்தவர். பிள்ளைகள் கரையேறிய பிறகு, கழுத்து அறுவையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கி வந்தார். அங்கே டாக்டர் ரஹ்மத்நிஷாவின் கைக்கு மிஞ்சிய கை இல்லை என்று பேர்.

அவர்களிடம் சீனியம்மாள் வந்தாள். பீடி சுற்றுகிறவள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வருடக்கணக்காக டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எலும்பெல்லாம் வலி. இருமினால் விலாவில் விரிசல் விட்டது. உடம்பெங்கும் அரிப்பு வேறு. சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிருந்தது.

அம்பலவாணன் அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் எலும்புகளின் ஓரம் செல்லரித்த ஓலை மாதிரி இருந்தது.

“எது மேடம் இப்படித் தின்னுது?”

“கழுத்துல தைராய்டுக்குப் பின்னால நாலு சுரப்பி இருக்கு. அரிசி அளவுதான். சிறுநீரகம் கெட்டா அது மொச்சைக்கொட்டையா வீங்கிடும். எலும்புல இருக்கிற கால்சியத்தை எடுத்து ரத்தத்துல விடும்.”

“மருந்துக்கு அடங்காதா?”

“இவங்களுக்கு அடங்கலை. நாலையும் எடுத்துடணும். அதுல ஒரு துண்டை மட்டும் பொடியா நறுக்கி, கைச் சதையில வச்சிடுவோம்.”

அம்பலவாணனுக்கு அது பிடிக்கவில்லை.

“தின்னுற வாயை எடுத்துட்டு, ஒரு பல்லை மட்டும் கையில நட்டு வைக்கணுமா? எதுக்கு?”

“அறுத்த பிறகு கேளுங்க சார்.”

சீனியம்மாளின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. அந்தக் கையைத் தொட முடியாது என்று ரஹ்மத்நிஷா சொன்னார்.

“அப்ப வலது கையிலயா வைப்பிய? பீடி சுத்துத கைம்மா. ஓரமாப் பாத்து வையுங்க” என்றாள் சீனியம்மாள். பிறகு அம்பலவாணன் பக்கம் திரும்பினாள். “ஐயா என்ன, தலை நரைச்ச பிறகும் பள்ளிக்கூடமா?”

“ஆமாம்மா. பெயிலாகிப் பெயிலாகி இங்க வந்து சேர்ந்திருக்கேன்.”

“என் கழுத்துல வச்சு மட்டும் பெயிலாயிராதீக.”

அறுவை அன்று குரு இடம் காட்டக் காட்ட, சீடர் மூன்று சுரப்பிகளை எடுத்தார். நான்காவது கண்ணில் படும்போது பக்கத்துத் தியேட்டரிலிருந்து ஆள் ஓடி வந்தது. அங்கே யாருக்கோ ரத்தம் நிற்கவில்லை.

“இதுதான் நாலுலயும் நல்லது. எடுத்துப் பாதியை உப்புநீர்ல போட்டு வையுங்க சார். நான் வந்ததும் கையில வச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு ரஹ்மத்நிஷா போனார்.

நான்காவதும் வந்தது. ஒரு பக்கம் ஐஸ் மேல் உப்புநீர்க் கிண்ணம். இன்னொரு பக்கம், மற்ற மூன்றும் கிடந்த, பரிசோதனைக்கு அனுப்பும் ஃபார்மலின் புட்டி. அதில் விழுந்த எதற்கும் பிறகு உயிர் கிடையாது. அம்பலவாணன் இரண்டையும் பார்த்தார். செல்லரித்த விரல்கள் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

“முழுசையும் புட்டியில போடுங்க சிஸ்டர்.”

“மேடம் பாதியை...”

“நான் சொல்றேன், போடுங்க.”

ரஹ்மத்நிஷா திரும்பி வந்தபோது கிண்ணத்தில் வெறும் உப்புநீர் இருந்தது. புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“தையல் போடுங்க சார்” என்றார்.

மறுநாள் காலையில் சீனியம்மாள் சிரித்தாள். “அரிப்பு போயிட்டுய்யா! எத்தனையோ காலத்துக்குப் பிறகு தூங்கி எந்திரிச்சிருக்கேன். நீங்க பாஸு.”

அம்பலவாணனுக்கு மனம் நிறைந்தது. தான் செய்ததே சரி என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் உதடு மரத்தது. வலது கை தானாகவே குவிந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்க வரவில்லை. ரஹ்மத்நிஷா அவள் கன்னத்தில் விரலால் தட்டினார். வாயோரம் வெட்டி இழுத்தது.

“கால்சியம் இறங்குது. எலும்பு பட்டினி கிடந்தது சார். இப்ப கிடைக்கிறதையெல்லாம் வாரி வாரித் தின்னும். இது எல்லாருக்கும் வர்றதுதான்.”

“பிறகு?”

“பிறகு கையில வச்சது வேர் பிடிக்கும். கால்சியம் இறங்காம, ஏறாம அது பாத்துக்கும்.”

அம்பலவாணன் தரையைப் பார்த்தார்.

“இவங்களுக்கு?”

“இவங்களுக்கு நீங்க பாத்துக்குங்க.”

கோபத்தில் சொன்னதாக அம்பலவாணன் நினைத்தார். கோபம் இல்லை, அது வேலை. தியேட்டர் முறைப்பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. சீனியம்மாள் கட்டிலருகே ஒரு நாற்காலி போடப்பட்டது. ரத்தம் எடுக்க வேண்டும். கால்சியம் குறைந்திருந்தால் டிரிப்ஸைக் கூட்ட வேண்டும், ஏறியிருந்தால் குறைக்க வேண்டும். பிறகு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். குறைந்தால் கை மடங்கும். கூடினால் இதயம் தடுமாறும். அவர் சாப்பிடப் போன நேரத்திலும் அது இறங்கியது. கண் அசந்த நேரத்திலும் இறங்கியது.

அவளுக்குப் பிறகு அறுத்துக்கொண்டவர்கள் கையில் சின்னத் தழும்போடு வீட்டுக்குப் போனார்கள். சீனியம்மாளின் கட்டில் காலியாகவில்லை. ஒருநாள் விடியும் நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. தெளிந்ததும் முதலில் பேசியது அவள்தான்.

“என்னால ஐயாவுக்குத்தான் சிரமம்.”

அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, உங்க கையில வைக்க வேண்டியதை நான்தான் வைக்கலை. வேண்டாம்னு எறிஞ்சுட்டேன்.”

சீனியம்மாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் தழும்பு இல்லை. பிறகு, “வீட்டுக்குப் போவேனா மாட்டேனா, அதைச் சொல்லுங்க” என்றாள்.

அம்பலவாணன் எழுந்தார். நேரே குருவின் அறைக்குப் போனார். ரஹ்மத்நிஷா கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மாத்திரையைக் கூட்டிட்டேன் மேடம். மருந்தை மாத்தியும் பாத்துட்டேன். கொஞ்சம் கண்ணை எடுத்தா இறங்கிடுது. என்னால உட்கார முடியலை, படுக்க முடியலை. இன்னும் எத்தனை நாள் நான் இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கணும்?”

ரஹ்மத்நிஷா குழாயை மூடினார்.

“நீங்க எறிஞ்ச சுரப்பி ஒரு நாளும் இதைக் கேட்கலை சார்.”