யார் முகம் பெரிசு?

நகைக்கடைத் திறப்புவிழா பேனரை மூன்று தடவை கிழித்தாயிற்று. கடைக்கு அண்ணன், தம்பி என்று இரண்டு முதலாளிகள். அண்ணன் முகம் பெரிதாக இருந்ததைத் தம்பி கிழித்தார். தம்பி முகம் பெரிதாக இருந்ததை அண்ணன் கிழித்தார். சமமாகப் போட்டதை இருவரும் சேர்ந்தே கிழித்தார்கள்.

பிளக்ஸ் கடை முதலாளி டிசைனர் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் அவங்கவங்க முகந்தான் பெரிசாத் தெரியணும். நாளைக்கு விழா. முடியலைன்னா வேலைக்கு வராதே."

"முடியும் அண்ணாச்சி. அவங்க வீடு எங்க?"

"தெருவுக்குக் கிழக்குக் கோடியில அண்ணன், மேற்குக் கோடியில தம்பி. நடுவுல கடை. முகத்துக்கும் வீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் பேனரை விட்டுவிட்டு, ஆளுக்கொரு கட்அவுட் வரைய உட்கார்ந்தாள்.

காலையில் அவரவர் வீட்டு முன்னால் அவரவர் கட்அவுட், இரண்டு பக்கமும் முகம் தெரிகிற மாதிரி நின்றது. அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் மலை மாதிரி இருந்தது. தம்பி முகம் தூரத்தில் எலுமிச்சம்பழம். பூரித்துப்போனார். அந்தக் கோடியில் தம்பியும் அப்படியே பூரித்தார்.

ரிப்பன் வெட்டக் கடைக்கு வந்து, நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்ததும் இருவர் முகமும் தொங்கிவிட்டது.

"ஏம்மா, ரெண்டும் ஒரே அளவால்லா இருக்கு?" என்று அண்ணன் அங்கே நின்ற டிசைனர் பெண்ணைக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. வீட்டுக்குப் போய்ப் பாருங்க, உங்களுதுதான் பெரிசு."

கூட்டம் சிரித்தது. தம்பிக்கும் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை. இந்தத் தடவை யாரும் எதையும் கிழிக்கவில்லை. அவள் வேலையும் பிழைத்தது.

அந்தப் பெண் இசக்கியம்மாள்.