குண்டை நிறுத்திய சட்டை

குண்டு துளைக்காத சட்டை ஒன்று நாடாளுமன்றக் குழுவின் மேசைமேல் கிடந்தது. இன்னும் பத்தாயிரம் வாங்க, தலைவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. சாட்சி சொல்ல வந்தவர் பட்டாளத்துத் தையல்காரர் சூசை.

கொள்முதல் அதிகாரி அவரை முறைத்தார். "இது குண்டை நிறுத்துதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு. இல்லைன்னு சொன்னா, ராணுவத்தை அவமதிச்ச கேசுல உள்ள போவே."

"நிறுத்துதுங்க ஐயா."

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். தலைவர் பேனாவைத் திறந்தார்.

சூசை சட்டையைத் தடவினார். "செத்த பிள்ளைங்களோட சட்டை என்கிட்டதான் வருது. அடுத்தவனுக்குக் கொடுக்க ஓட்டையை அடைச்சுத் தைக்கிறேன். எல்லா ஓட்டையும் நெஞ்சுப் பக்கம்தான். முதுகுப் பக்கம் ஒண்ணுகூட இல்லை."

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"உள்ள போன குண்டை இந்தச் சட்டை வெளிய விட்டதே இல்லீங்க."