தூளி கட்டிய பிரேம்

"மூணு வருஷமாச்சு ஜீனத்தம்மா. இன்னும் அவர் கை ஒண்ணுகூட வரல" என்றாள் மருதாயி.

ஜீனத் தலை நிமிரவில்லை. ஒரு பழைய சைக்கிள் பிரேமைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் உருளும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலையா, நீங்க பாக்கலையா?"

மருதாயிக்குக் கோபம் வந்தது. 

ஜீனத்துக்கு இருபத்தொன்பது வயது. மருதாயிக்கு ஐம்பத்திரண்டு. இருந்தாலும் ஜீனத்தான் குரு.

பொன்மலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கையால் செய்த பழைய பிரேம்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வரும். ஜீனத் துருவைச் சுரண்டுவாள், விட்டுப்போன மூட்டுகளை ஒட்டுவாள், யார் செய்தது என்றும் சொல்வாள். பிரேமில் பேர் எதுவும் இருக்காது. குழாயும் குழாயும் சேருகிற மூட்டில் உருக்கி ஒட்டிய பித்தளை எப்படி ஓடியிருக்கிறது, அரம் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது, அதை வைத்தே சொல்லிவிடுவாள்.

மருதாயி தேடி வந்தது தன் வீட்டுக்காரர் சின்னையனின் கையை, அவர் ஒட்டின பிரேம் ஒன்றை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நாகப்பட்டினத்தில் பட்டறை வேலை இருக்கிறது என்று அவர் ரயிலேறினார். மூன்று கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. போய் விசாரித்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வந்த முதல் நாளே ஜீனத் கேட்டிருந்தாள்.

"அவர் கை எப்படி இருக்கும்க்கா?"

"அவர் ஒட்டினா ஒட்டின எடமே தெரியாது. மயிரிழை மாதிரி மஞ்சளா ஒரு கோடு, அம்புட்டுத்தான்."

"வேற ஏதாச்சும் விட்டுட்டுப் போயிருக்காரா?"

"ஒண்ணுமில்ல."

சொல்லும்போதே அவள் கை இடுப்பில் இருந்த சுருக்குப்பையைத் தொட்டது. ஜீனத் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. உப்புத்தாளை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மருதாயி கற்றுக்கொண்டாள். விரலால் தடவியே இது கும்பகோணத்தான் வேலை, இது இடதுகைக்காரன் அரம் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள். மயிரிழை மாதிரி ஓடின பித்தளை எத்தனையோ வந்தது.  ஒவ்வொரு தடவையும் வேறு யாருடைய கையாகவோ இருக்கும்.

போன மாசிக்கு நாகப்பட்டினத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து எட்டு பிரேம் வந்தது. மருதாயி அன்றைக்குச் சோறுகூடத் தின்னவில்லை. எட்டையும் தடவிப் பார்த்தாள். ஏழு பிரேம் அவர் கை இல்லை.

எட்டாவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பிரேம் குள்ளமாக இருந்தது. சீட்டு செருகுகிற குழாயை யாரோ பாதியில் வெட்டியது மாதிரி. நடுக்குழாய் வளைந்து தாழ்ந்து கிடந்தது. பின் சக்கரத்துக்கு விட்ட இடமோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளின் சக்கரம் போகிற அளவுதான். மூட்டெல்லாம் பித்தளை கட்டி கட்டியாக நின்றது. பெயிண்ட் பார்க்காத பிரேம். சக்கரம் மாட்டின தழும்புகூட இல்லை.

"எவனோ குடிச்சுப்புட்டு ஒட்டியிருக்கான். இது பித்தளையா, பிள்ளை கக்கின பாலா?"

ஜீனத் சிரிக்கவில்லை.

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"இந்தக் குள்ளன்ல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"சரி."

ஜீனத் ஏணி போட்டு ஏறினாள். குள்ளனை இரண்டு உத்திரத்துக்கும் நடுவில் படுக்கப்போட்டு இறுக்கிக் கட்டினாள். அதில் தன் பழைய புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, எட்டு மாதக் குழந்தையைப் படுக்க வைத்தாள்.

அன்றிலிருந்து குழந்தை சிணுங்கினால் மருதாயிதான் ஆட்டுவாள். ஒரு கையில் உப்புத்தாள், ஒரு கையில் தூளி.

இன்றைக்கு அவளுக்கு முடியவில்லை.

"நான் ஊருக்கே போறேன் ஜீனத்தம்மா. அவர் இருக்காரா இல்லையான்னுகூட இப்ப நான் கேக்கல. போன எடத்துல என்னை ஒருநாளாச்சும் நெனச்சாரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் இந்தத் துருவெல்லாம் தின்னேன்."

ஜீனத் டார்ச்சை அணைத்தாள்.

"அவர் விட்டுட்டுப் போனது ஏதாச்சும் இருக்காக்கா?"

அதே கேள்வி. மருதாயி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளே வெற்றிலைக்கு அடியில் ஒரு நூல் உருண்டை. அழுக்கேறிய வெள்ளை நூல். அதில் இரண்டு முடிச்சு.

"எனக்கு ஒரு சைக்கிள் செஞ்சு தர்றேன்னு அளவு எடுத்தாரு. கல்யாணமான புதுசு. இந்த முடிச்சு கையளவு. இது..." அவள் முகம் சிவந்தது. "இது காலளவு. தொடைக்கு மேல இருந்து குதிகால் வரைக்கும். இதை எப்படிம்மா எடுத்துக் காட்டுறது?"

"செஞ்சு தந்தாரா?"

"எங்க? அதுக்குள்ளதான் ரயிலேறிட்டாரே."

ஜீனத் நூலை வாங்கவில்லை. எழுந்து போய்த் தூளியிலிருந்து தூங்குகிற குழந்தையைத் தூக்கினாள். மருதாயியின் இடது தோளில் சாய்த்தாள்.

"அவளைப் பிடிச்சுக்குங்க."

"அடியம்மா, இப்பத்தான் தூங்குச்சு! என்ன பண்ற நீ?"

ஜீனத் தூளியை அவிழ்த்தாள். ஏணியில் ஏறினாள். குள்ளனை இறக்கிக் கொண்டுவந்து மருதாயி முன்னால் நிறுத்தினாள்.

"ஒட்டுறதுக்கு எத்தனை கை வேணும்க்கா?"

"இது என்ன கேள்வி? ரெண்டு. ஒரு கையில நெருப்பு, ஒரு கையில பித்தளைக் கம்பி."

"இந்த மூட்டைத் தொட்டுச் சொல்லுங்க."

ஒரு கையில் குழந்தை. மற்றக் கையால் மருதாயி தொட்டாள். கட்டி கட்டியான பித்தளை. மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்த அதே பித்தளை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"கம்பி காட்டி ஓடவிட்டது இல்ல இது" என்றாள் மெதுவாக. "துண்டு துண்டா நறுக்கி மூட்டு மேல அடுக்கி, அப்புறம் சுட்டிருக்கு."

"ஏன்?"

"கம்பி பிடிக்க..."

அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

குழந்தை தூக்கத்தில் ஒரு முறை விம்மி அடங்கியது.

"இன்னொரு கை இல்ல" என்றாள் மருதாயி.

ஜீனத் மூலையில் கிடந்த இரண்டு சின்னச் சக்கரத்தை உருட்டி வந்தாள். தழும்பில்லாத இடத்தில் அச்சை வைத்து முறுக்கினாள். பெடலும் ஹேண்டில்பாரும் மாட்டினாள். ஒரு கிழிந்த சீட்டைச் செருகினாள். சீட்டு முழுசாக இறங்கி உட்கார்ந்தது.

"இப்ப நூலைக் கொண்டாங்க."

கையளவு முடிச்சை முதலில் பார்த்தார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நூல் போனது. முடிச்சு சரியாகக் கைப்பிடியில் நின்றது.

மருதாயி அந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் பாருங்க" என்று நூல் நுனியைச் சீட்டில் அழுத்திப் பிடித்தாள் ஜீனத்.

காலளவு முடிச்சு பெடலில்தான் நிற்கும். யார் செய்த பிரேமானாலும் அப்படித்தான். மூன்று வருஷமாக மருதாயி கற்றுக்கொண்டது அது.

முடிச்சு பெடலில் நிற்கவில்லை. பெடலைத் தாண்டிக் கீழே போனது.

"தப்பும்மா" என்றாள் மருதாயி.  "இது எனக்குச் செஞ்சது இல்ல. வேற யாருக்கோ. விடு. கழட்டி மேல கட்டு. பிள்ளை தூங்கட்டும்."

ஜீனத் நூலை விடவில்லை.

"அவர் அளவு எடுக்கறப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன். வெக்கத்துல செத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏதாச்சும் சொல்லியிருப்பீங்க."

"பயமா இருக்குன்னேன். எனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே. காலு தரைய விட்டுச்சுன்னா நான் விழுந்துருவேன்யான்னு..."

அவள் குனிந்து நூலைப் பார்த்தாள்; முடிச்சு சரியாகத் தரையில் நின்றது.

ஜீனத் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மருதாயி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். வளைந்து தாழ்ந்த குழாயைத் தாண்டிக் காலைப் போட்டாள். சீட்டில் உட்கார்ந்தாள்.

இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. குதிகாலும்.