பூசணிக்காய் தொங்கிய மாளிகை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குத் தம் பழைய மாளிகை ஒன்றை விற்றுவிடத் தோன்றியது. பார்க்க வந்தவர்களோ ஒழுகும் கூரையைக் கண்டு வந்த வழியே திரும்பினார்கள்.

"அரண்மனை விகடகவி விடங்கனிடம் ஒப்படையுங்கள், அரசே" என்றார் திவான் சடகோபர். "ஒரே ஒரு பணம் கொடுங்கள். அதற்குள் சீர்செய்து பௌர்ணமிக்குள் விற்கட்டும். யாரிடமும் பொய் சொல்லக்கூடாது. விற்காவிட்டால் தன் வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அந்த மாளிகையிலேயே குடியேறட்டும்."

விடங்கனின் ஆற்றங்கரை வீட்டின்மேல் திவானுக்கு வெகுநாளாக ஆசை. அரசருக்கு வேடிக்கை பார்க்க ஆசை. சரி என்றுவிட்டார்.

"ஒரு பணத்துச் சுண்ணாம்புக்கு ஒரு சுவரு தேறாது. மழைக்கு எங்க போய் ஒதுங்கறது?" என்றாள் அவன் மனைவி நாச்சி.

விடங்கன் அந்தப் பணத்துக்குச் சந்தையில் பெரிய பூசணிக்காய் ஒன்று வாங்கினான். உருட்டு விழியும் கோரைப்பல்லுமாக அதில் பூத முகம் எழுதி மாளிகை வாசலில் தொங்கவிட்டான். கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"திருஷ்டிக் காய் கட்டியிருக்கியே, உள்ள அப்படி என்னப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. கூரை ஒழுகும், சுவர் விரிசல்."

கண் படுமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் அதை நம்பவில்லை.

செய்தி கேட்டுத் திவானே வந்தார். "ஒழுகுவது எனக்கும் தெரியும். உள்ளே எதைக் கண்டாய்?"

"ஒரு புற்றைக் கண்டேன், ஐயா."

புற்றென்றால் பாம்பு. பாம்பென்றால் அது காக்கும் புதையல். திவான் குரலைத் தாழ்த்தினார். "வேறொன்றும் இல்லையா?"

விடங்கன் பூசணிக்காயின் பூத முகத்தைத் திவானுக்கு நேராகத் திருப்பிவிட்டான். "இல்லை, ஐயா. வாங்காதீர்கள்."

அன்றைக்கே திவான், விடங்கன் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டார்.

மறுநாள் மண் அப்பிய வேட்டியோடு சபைக்கு வந்தார். "தரை முழுக்கத் தோண்டினேன், அரசே. கறையான்தான் இருக்கிறது. இவன் ஏமாற்றிவிட்டான்."

"என்ன சொல்லி விற்றான்?"

"ஒழுகும் என்றான். புற்று என்றான். வாங்காதே என்றான்."

"இதில் எது பொய்?"

அரசர் விடங்கனிடம் திரும்பினார். "இடிந்த வீட்டுக்குத் திருஷ்டிக் காய் எதற்கு?"

"அந்த வீட்டுக்காகக் கட்டவில்லை, அரசே. திவான் ஐயாவின் கண் என் வீட்டின்மேல் அல்லவா இருந்தது?"

அரசர் சிரித்தார், கண்ணீர் வரும்வரை சிரித்தார். மாளிகை விற்ற பணமூட்டை, அதைக் கொடுத்த திவான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அரசரின் பரிசாக விடங்கனின் தோளில் ஏறியது.