பெட்டிக்குப் பின்னால் யார்

"சித்தி, அம்மாவை எப்படியாவது அடக்கம் பண்ணணும். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் எபர்ஹார்ட்.

ஜெர்மானிய நாட்டில் ஒரு குட்டி சமஸ்தானத்துக்கு அவர் பிரபு. காலையில் மேயப்போகும் கோழி மத்தியானத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடும், அவ்வளவு பெரிய ராஜ்ஜியம்.

சித்தி சிபில்லா கன்னிமடத்துத் தலைவி. முறைக்குத்தான் சித்தி. அவரைவிட இரண்டே வயது மூத்தவள். சுற்றுவட்டாரத்து அரண்மனைகளில் தீராத வழக்கெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும்.

அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"பனிக்காலத்துல போனவ என் அக்கா. பட்டாணிக் கொடியே காய்ச்சிடுச்சு. இன்னும் ஈயப் பெட்டியில கிடக்கா. யார் தடுக்கிறா?"

"தம்பிங்கதான். எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மூணு பிள்ளைக்கும் ஆட்சி சமம். ஆனா பெட்டிக்குப் பின்னாடி முதல்ல நடக்கிறவனைத்தான் மத்த அரண்மனைத் தூதருங்க குடும்பத்துக்குப் பெரியவன்னு மதிப்பாங்க."

"நீதானே மூத்தவன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அம்மா இருந்த கோட்டை என் பங்குல இருக்குங்கிறான் யோவாக்கிம். கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டவன் நான்தான்கிறான் சின்னவன் மோரிட்ஸ்."

"மூணு பேரும் சேர்ந்தாப்பல நடங்களேன்."

"தேவாலய வாசல் குறுகல், சித்தி. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டாச்சு. இடிச்சா கோபுரமே வந்துடுமாம்."

சித்தி ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றாள்.

"சண்டைக் காலத்துல சிப்பாய்ங்க கோட்டைக்குத் தீ வச்சாங்களே, அப்ப உங்களைக் கூட்டிக்கிட்டு அக்கா காட்டு வழியா ஓடினா. நான் இங்கே மடத்துல படிச்சிட்டிருந்தேன். எப்படிப் போனீங்க?"

"நடந்துதான். ஒத்தையடிப் பாதை. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போக முடியும்."

"யார் முதல்ல?"

இது எதற்கு இப்போது என்று அவருக்கு விளங்கவில்லை.

"மோரிட்ஸ். மூணு வயசு. அவன் நடைக்குத்தான் எல்லாரும் நடக்கணும்னு அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டா. ஒவ்வொரு காளானுக்கும் நின்னான், கழுதை."

"அவனுக்குப் பின்னாடி?"

"யோவாக்கிம். அப்புறம் நான்."

"உனக்குப் பின்னாடி?"

"அம்மா."

"பெரியவ அவதானே? முன்னால போய் வழி காட்டியிருக்கலாமே."

"நல்லாக் கேட்டீங்க! சிப்பாய்ங்க பின்னாடியில்ல வந்தாங்க?"

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

சித்தி மடியிலிருந்த தோலை உதறிவிட்டு அடுத்த கைப்பிடியை எடுத்தாள்.

எபர்ஹார்ட் எழுந்தார். வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த சேவகனிடம் போனார்.

"நாளைக்கு அடக்கம். மோரிட்ஸ் முன்னாடி நடக்கட்டும். அவனுக்கு அடுத்து யோவாக்கிம்."

சேவகன் கண்ணைக் கொட்டினான். "பிரபு, தாங்கள்?"

"எனக்குப் பின்னாடி ஒருத்தரும் வரக் கூடாது."