சோயா தலையாட்டிய நாள்

கூழையேந்தல்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அவர்களுக்கும் பக்கத்து நரிக்கொம்பூருக்கும் சேர்த்து ஒரே குடிநீர்க் குழாய். பங்குனிப் பொங்கலன்று வடம் இழுக்கும் போட்டியில் எந்த ஊர் ஜெயிக்கிறதோ, அந்த ஊர்ப் பெண்கள் வருஷம் முழுக்க முதலில் குடம் வைக்கலாம். கூழையேந்தல் ஒன்பது வருஷமாகப் பின்னால் நின்றது.

"இந்தத் தடவையும் தோத்தா, குடத்தை நீங்களே தூக்கிக்குங்க" என்று அணித் தலைவர் முத்திருளாண்டியிடம் அவர் மனைவி நாகவள்ளி சொல்லிவிட்டாள். கூட இழுக்கும் ஏழு பேர் வீட்டிலும் அதே தீர்ப்பு.

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. எட்டுப் பேரும் சுகாதார நிலையத்து நர்ஸ் பிரிசில்லாவிடம் போய் பலத்துக்கு வழி கேட்டார்கள். அவர் சோயா பீன்ஸைப் பற்றி நிதானமாக விளக்கினார். தசைக்குப் புரதம், எலும்புக்குக் கால்சியம், குடலுக்கு நார்ச்சத்து, ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் உதவும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, தினம் ஆளுக்கு ஒரு கைப்பிடி.

"நினைச்சப்பல்லாம் ஆடு வெட்ட முடியுமா? இனிமே உங்களுக்குக் கறி இதுதான்னு வச்சுக்குங்க" என்றார்.

வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊறப்போட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை; கறி ஆகாது. அடுத்தது சனிக்கிழமை, அதுவும் ஆகாது. ஈரத்துணியில் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை முறைப்படி முனியசாமி கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆடு என்றால் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை ஆட்டினால்தான் சாமி உத்தரவு. அதற்குப் பிறகுதான் கத்தி. கறி என்று ஆன பிறகு சோயாவுக்கு மட்டும் வேறு சட்டம் போட முடியாது.

"தலை எதுடா?" என்றார் முத்திருளாண்டி.

எட்டுப் பேரில் ஒருவரான சாத்தையாதான் ஊரிலேயே அதிகம் யோசிப்பவர். ஒரு பயறை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கறுப்புப் புள்ளிதாண்ணே கண்ணு. கண்ணு இருக்கிற பக்கம் தலை."

"அப்ப இம்புட்டு நேரமா நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டார் அணியில் இன்னொருவரான வழிவிட்டான்.

தண்ணீர் தெளித்தார்கள். உச்சி வெயில் வரை நின்றார்கள். ஒன்றும் அசையவில்லை. குனிந்து பார்த்த வழிவிட்டான்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

"அண்ணே, வாலு இப்பத்தான் வெளிய வருது. இது குட்டி."

எட்டுப் பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குட்டியை வெட்டினால் முனியசாமி சும்மா விடமாட்டார். ஆகவே வளர்ப்பது என்று முடிவானது. மண்சட்டியில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து, ஆடு கட்டுவதுபோல நூலால் கட்டினார்கள். அந்திக்கு அகத்திக்கீரை வைத்தார்கள். அது தின்னாததைப் பார்த்து, கூச்சப்படுகிறது என்று எட்டுப் பேரும் திரும்பி நின்றுகொண்டார்கள். நரி தூக்கிவிடாமல் இருக்க, சன்னல் இல்லாத அறையில் வைத்துப் பூட்டினார்கள். செடி வெளுத்து, நூலாக நீண்டது. காலையில் தண்ணீர் தெளித்துக் கேட்பதை மட்டும் விடவில்லை. காற்று நுழையாத அறையில் அது எதற்கு ஆடப்போகிறது?

நடுவில் ஒருநாள் வழியில் பார்த்த நர்ஸ், சோயா சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார்.

"இன்னும் சம்மதம் கிடைக்கலம்மா" என்றார் முத்திருளாண்டி.

நாகவள்ளியைச் சொல்கிறார் என்று நினைத்த நர்ஸ், "அதுல உள்ள நல்லதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சாத்தையா தினமும் சட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோயாவில் எவ்வளவு புரதம் இருக்கிறது, அது எலும்புக்கும் ரத்தத்துக்கும் என்ன செய்யும் என்பதையெல்லாம் சோயாவிடமே விளக்கினார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. வாயில்லா ஜீவனைத் தனியாக விடக்கூடாது என்று சட்டியையும் திடலுக்குத் தூக்கிவந்து ஓரமாக வைத்தார்கள். நடுவர் விசில் ஊதினார். இரண்டு ஊரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தன. அதிசயமாக, வடம் ஒரு முழம் கூழையேந்தல் பக்கம் வந்தது. நாகவள்ளி காலிக் குடத்தைத் தட்டி உற்சாகப்படுத்தினாள். இன்னும் ஒரு முழம் வந்தால் போதும்.

அப்போது காற்று வீசியது.

"அண்ணே, தலையாட்டிருச்சு" என்றார் வழிவிட்டான்.

எட்டுப் பேரும் வடத்தை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நரிக்கொம்பூர் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னால் பறந்து போய், திடலை ஒட்டி ஓடிய வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். வடத்தை முதலில் விட்ட ஊர் தோற்றது என்று நடுவர் சொன்னது, கூழையேந்தல்காரர்கள் காதில் ஏறவே இல்லை. வாய்க்காலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் குடத்தோடு எட்டுப் பேரும் குழாயடியில் கடைசியாக நின்றார்கள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸைப் பார்த்ததும் முத்திருளாண்டி குடத்தை மெதுவாக, மிக மெதுவாக இறக்கி வைத்தார்.

"நர்ஸம்மா, ஒரு வாய் தின்னல. அது சரின்னு தலையாட்டினதுக்கே எட்டுப் பேரு வாய்க்கால்ல கிடந்தாங்க. தின்னுருந்தா கொலைக்கேசு ஆயிருக்கும். பலத்தைக் கொஞ்சம் கொறைக்கிற மாதிரி மாத்திரை ஏதாச்சும் இருந்தா குடுங்க. எட்டுப் பேருக்கும் வேணும். சோயாவுக்கு ஒண்ணு."